பூனை போயும் போகாத வாடை

தைத்து வாங்கிப்போன கோட்டை ஒருவர் மறுநாளே திரும்பக் கொண்டுவந்து, "பூனை வாடை தாங்கல" என்று மேஜையில் போட்டுவிட்டுப் போனார். தையல்காரரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள வாடை போகணும். இல்லேன்னா என் தம்பி வந்து பூனையைத் தூக்கிட்டுப் போயிடுவான், சொல்லிட்டேன்."

மிஷின் காலடியில் படுத்துக்கொண்டு, தையல்காரரின் புலம்பலை மறுபேச்சு இல்லாமல் கேட்கிற ஒரே ஜீவன் அந்தப் பூனைதான். அதைப் பிரிய அவருக்கு மனசே இல்லை. கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பினார். வினிகர் விட்டுத் தரையைத் துடைத்தார். திரைச்சீலைகளை ஊறப்போட்டார். பூனை வெளிக்குப் போகும் மணல் தட்டையே புதிதாக மாற்றினார். சும்மா சொல்லக்கூடாது, கல்யாணமானதிலிருந்து மனுஷன் துடைப்பத்தைத் தொட்டதே அந்த வாரம்தான். வாடை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்து, பூனையைக் கூடையில் வைத்து மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டான். கண் கலங்கிப்போன தையல்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மனைவி மூக்கைச் சுளித்தாள். "பூனை போயாச்சு. இப்பவும் குப்புன்னு அடிக்குதே?"

அவர் அடுத்த அறைக்குப் போனார். வாடையும் கூடவே போனது. மனைவி விடவில்லை. பின்னாலேயே போய் அவரைத் திருப்பி நிறுத்தி மோந்து பார்த்தாள். நேரே மிஷினிடம் வந்து, அவர் உட்காரும் குஷனைப் பிரித்தாள்.

உள்ளே வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகள். நாற்காலி குத்துகிறது என்று, போன மாதம் மேஜைக்கடியில் கிடந்த மூட்டையை அப்படியே திணித்துத் தைத்திருந்தார். அந்த மூட்டையைத்தான் பூனை கழிப்பறையாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறது. தைத்து முடித்த கோட்டையும் அவர் மடித்து அந்தக் குஷன்மேல்தான் வைத்திருந்தார்.

"ஒரு தடவை மோந்துகூடப் பாக்கலியா?"

"தையல் நேரா வந்திருக்கான்னுதான் பாத்தேன்" என்று அசடு வழிந்தார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தம்பிக்கு போன் போட்டாள். அவன் பாதி வழியிலிருந்து மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"என்னக்கா, அப்ப நான் யாரையும் கூட்டிட்டுப் போக வேணாமா?"

"உங்க மாமாவைக் கூட்டிட்டுப் போடா. ரெண்டு நாள் வெயில்ல காயப்போட்டுக் கொண்டாந்து விடு."

தையல்காரருக்குக் கோபமே வரவில்லை. அதற்குள் கூடையைத் திறந்து பூனையை மடியில் போட்டுக்கொண்டு, நடந்ததையெல்லாம் அதனிடம் புலம்ப ஆரம்பித்திருந்தார்.