வழிவிடும் மாலுமி

என் வீட்டுக்காரர் லாயிட் பெரிய சரக்குக் கப்பலில் அதிகாரி. ஒரு தெருவே மிதந்து போவது மாதிரி இருக்கும் அந்தக் கப்பல். அதை நடுக்கடலில் ஓட்டுகிறவருக்கு பெங்களூர் காக்ஸ் டவுன் சர்க்கிளில் ஒரு ஸ்கூட்டரைத் திருப்பத் தெரியவில்லை.

கர்ப்பமான எனக்கு அன்றுதான் முதல் ஸ்கேன். மதியம் டாக்டர் கிளம்பிவிடுவார். மனிதர் சர்க்கிளில் காலை ஊன்றிக்கொண்டு நின்றேவிட்டார்.

"ஏன் நிக்கிறீங்க? போங்க!"

"வலது பக்கம் ஆட்டோ வருது, குளோரியா. வலது பக்கம் குறுக்கே வர்றவனுக்கு நாமதான் வழி விடணும். கடல்ல அதான் ரூல்."

அந்த ஆட்டோ போனது. அடுத்தது வந்தது. பெங்களூரில் வலது பக்கம் என்றைக்குக் காலியாக இருந்திருக்கிறது?

"பெரிய கப்பல்னா ரெண்டு ரேடார் கட்டாயம். வர்ற கப்பல் எவ்வளவு கிட்ட வரும், எப்ப வரும்னு அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். இன்னொரு கருவி அந்தக் கப்பலோட பேரையே சொல்லும். இதுல என்ன இருக்கு?"

"ஹார்ன் இருக்கு. அடிங்க!"

பூனை தும்மின மாதிரி ஒரு தடவை அடித்தார். பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "ஏன் குரு, நித்தேனா?" என்று கன்னடத்தில் கத்தினார். தூங்குகிறாயா என்று கேட்டவரிடம் இவர் திரும்பி 'சாரி' சொல்கிறார்!

இந்தக் குணம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கம்பெனி கூப்பிட்டால் லீவு பாதியிலேயே பெட்டியைக் கட்டிவிடுவார். பிரசவத்துக்காவது இருப்பீங்களா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பார். தனியாகத்தான் பெற்றுக்கொள்ளப் போகிறேனோ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன்.

"இறங்குங்க. பின்னாடி உக்காருங்க."

ஆட்டோவுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவில் புகுந்தேன். பின்னாலிருந்து "மாதாவே, மாதாவே" என்று ஜெபம் கேட்டுக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் திரையைப் பார்த்து முழித்தார். ரேடார் பார்த்துப் பழகின கண்ணாம்!

"எங்க டாக்டர்? ஒண்ணும் தெரியலையே."

"இதோ, துடிக்குது பாருங்க," என்றார் டாக்டர் வீணா. "ஜனவரி கடைசில வந்துடும்."

பயறு அளவு வெளிச்சம். இவர் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்தார்.

வெளியே வந்ததும் போன் அடித்தது. கம்பெனிதான். அடுத்த வாரமே கப்பல் ஏற வேண்டுமாம், ஒன்பது மாத கான்ட்ராக்ட். "எஸ் சார்," என்றார் வழக்கம்போல. எனக்கு உயிரே போய்விட்டது.

பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இல்ல சார். குழந்தை பொறந்தப்புறம்தான் வருவேன்." அந்தப் பக்கம் கத்தினார்கள். "வேற ஆளைப் பாருங்க சார்," என்று சொல்லிவிட்டு அவரே போனை வைத்தார்.

முதலில் 'எஸ்' சொன்னதற்குத் திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

"ஏன்டி அழற?"

"ஜனவரி வரைக்கும் உங்களை வீட்டுல வச்சு எப்படி மேய்க்கப் போறேன்?" என்றேன், அவர் சட்டையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு.