சாரா துறைமுகத்தின் போணி

விளையாட்டில் மொத்தம் ஐந்து துறைமுகங்கள். நான்கைக் கணினி ஆளும்; ஐந்தாவது விளையாடுகிறவருக்கு. உப்பும் கோதுமையும் கம்பளியும் கப்பலில் ஏற்றிப்போய்ப் பேரம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். கிடங்கு காலியான துறைமுகம் தோற்றுப்போகும். தொண்ணூற்றாறில், பாளையங்கோட்டையில் எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்காக நான் எழுதிய புரோகிராம் அது. நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் எப்போதும் பனி பெய்துகொண்டிருந்ததால் என் துறைமுகங்களிலும் பனி பெய்தது.

ஆனால் கண்காட்சிக்கு முன் வகுப்புத் தோழர்களிடம் காட்டியபோது யாரும் விளையாடவில்லை. தமக்கு நஷ்டம் வரும் எந்தப் பேரத்துக்கும் கணினி ராஜாக்கள் இணங்க மறுத்தார்கள். “சொவத்துக்கிட்ட பேரம் பேசுத மாதிரி இருக்குவே” என்று சொரிமுத்து இரண்டே ஆட்டத்தில் எழுந்துபோனான்.

ஒரு துறைமுகத்தையாவது மனுஷியாக்க நினைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வியாபாரி சாரம்மாள் அத்தை. என்னோடு படிக்கும் ஜோஷுவாவின் அம்மா. வண்ணார்பேட்டையில் பழைய பேப்பர் கடை வைத்திருந்தார். என் நாவல்களெல்லாம் அங்கே எடைக்கு வந்தவைதான். கல்லூரி விட்டு நாலரை மணிக்குப் போய், இருப்பதிலேயே தடித்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு ரூபாயை நீட்டுவேன்.

“ஏய்யா, நீதான் இன்னைக்குப் போணி. வந்த போணியத் தட்டக் கூடாது. இருக்கதக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ” என்பார்.

எப்போது போனாலும் அன்றைய முதல் வியாபாரம் நான்தான். எனக்குக் கைராசி என்றுகூட நினைத்திருந்தேன்.

அதை அப்படியே புரோகிராமில் எழுதினேன். நான்காம் துறைமுகத்துக்கு சாரா என்று பெயர் வைத்தேன். யார் எதை நீட்டினாலும் திரையில் ‘நீதான் போணி’ என்று வரும், பேரம் படிந்துவிடும். ஜோஷுவாவிடம் மட்டும் சொல்லவில்லை. கண்காட்சியில் பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

கண்காட்சியன்று சொரிமுத்துதான் முதலில் கண்டுபிடித்தான்.

“ஏலே, இங்கன பாருங்கலே! ஒரு மூட்ட உப்புக்கு ஒரு கப்பல் கோதும குடுக்கா!”

“இன்னொரு தடவ கேளு.”

“இப்பயும் போணிங்கா! சரியான கோட்டிக்காரிலே இவ!”

“உப்பே வேண்டாம். சும்மா கேளு, குடுப்பா.”

கொடுத்தாள். கிடங்கு காலியாகி, திரையிலிருந்து சாராவின் பெயர் அழிந்தது. அறையே சிரித்தது. என் விளையாட்டுக்கு இத்தனை கூட்டமா என்ற பெருமையில் நானும் சிரித்தேன். சிரித்தபடி திரும்பியபோது வாசலில் ஜோஷுவா நின்றிருந்தான்.

வராந்தாவில் அவனைப் பிடித்தேன்.

“அது எங்கம்மதான?”

“ஆமா. பிரியத்துலதாம்லே வச்சேன். அத்தை பேசுத மாதிரியே…”

“எங்கம்ம எவனுக்குலே கேட்டதெல்லாம் அள்ளிக் குடுத்தா? காலைல ஏழு மணிக்கே போணி ஆயிரும். முறுக்குக் கடை அண்ணாச்சி பொட்டலம் மடிக்கக் காகிதம் வாங்குவாரு. அதுக்கப்புறம் எவன் வந்தாலும் அஞ்சு பைசா எறங்க மாட்டா.”

“அப்ப எங்கிட்ட…”

“நீ நாலரைக்கு வாரே. அந்நேரம் வரைக்கும் போணி ஆகாம ஒரு கட கெடக்குமாலே? ரெண்டு ரூவாய நீட்ட ஒனக்குக் கூச்சமா இருக்கக் கூடாதுன்னு சொல்லுதா. ஒங்கிட்ட மட்டும். இம்புட்டுப் புஸ்தகம் படிச்சிருக்க, ரமணா.”

உள்ளே போய் அந்த வரியைத் திருத்தினேன். முதல் பேரத்துக்கு மட்டும் சாரா இறங்குவாள்; பிறகு மற்ற ராஜாக்களைப் போலத்தான். மூன்று நிமிட வேலை. ஜோஷுவா அதைப் பார்க்க நிற்கவில்லை.

“இப்ப எறங்க மாட்டேங்காலே” என்று சொல்லிக்கொண்டே கூட்டமும் கலைந்தது.

மறுநாள் நாலரை மணிக்குக் கடைக்குப் போனேன். ஜோஷுவா உள்ளே பேப்பர் கட்டிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை. நான் ஒரு புத்தகத்தை எடுத்தேன்.

“வாய்யா, நீதான் இன்னைக்கு…”

“இல்ல, அத்தே.” இருபது ரூபாய்த் தாளை நீட்டினேன். இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் வேகமாக வந்தது. “போணி காலைலயே ஆயிருக்கும். சரியான வெலைய எடுத்துக்கோங்க.”

சாரம்மாள் அத்தை என்னைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். அவன் கட்டிய முடிச்சையே மறுபடி கட்டிக்கொண்டிருந்தான்.

“அப்படியா? சரி தம்பி.”

என் புத்தகம் எதையும் அவர் அதுவரை எடை போட்டதில்லை. அன்று தராசை எடுத்தார். முள் நேராக நிற்கும்வரை படிக்கல்லை மாற்றி மாற்றி வைத்தார். மீதிச் சில்லறையை என் கையில் வைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம், “ஒங்களுக்கு என்ன வேணும்?” என்றார்.