லாரி போயாச்சு

பாக் லியூ பக்கத்து இறால் குட்டைக்காரர்கள் சாமியிடம்கூட உண்மையைச் சொல்லிவிடுவார்கள். இறால் வாங்க வந்தவளிடம் சொல்லமாட்டார்கள். அந்த வாங்க வந்தவள் நான். நானும் அவர்களிடம் சொன்னதில்லை. அதனால் நெடுநாளாக ஒற்றுமையாகத்தான் இருக்கிறோம்.

கியென் அண்ணன் இந்த வித்தையில் கெட்டி. இறாலுக்கு வெள்ளைக் கழிச்சல் கண்டால் கணவாய் மீன் எண்ணெயில் மருந்தைக் குழைத்துத் தீவனத்தில் பிசைவார். அறுவடை நெருங்கினால் நிறுத்திவிடுவார். நான் இறாலை நசுக்கிச் சோதனைப் பட்டையை நனைக்கும்போது மருந்தின் சுவடே இருக்காது. "பாத்துக்க தங்கச்சி, தாய்ப்பால் மாதிரி சுத்தம்" என்பார். மருந்து போய்விட்டது, வாஸ்தவம். அந்த மருந்துக்கே பழகிப்போன கிருமிகள் சேற்றில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்ததை எந்தப் பட்டையும் காட்டவில்லை.

இந்த முறை மாதிரிக்கு வலை வீசியபோது இறாலின் தலைக்கொம்பு அவருடைய வலது கைச் சுண்டுவிரலில் ஏறியது. எல்லோருக்கும் ஏறுவதுதான். அரிசிச் சாராயத்தை ஊற்றிக் கழுவிவிட்டு என்னோடு விலை பேச உட்கார்ந்தார். இருட்டும்வரை இழுத்து, ஒருவழியாகப் படிந்தது.

மறுநாள் காலை லாரியோடு போனேன். கை வீங்கி, விரலில் கறுத்த கொப்புளம். லாரியைக் கரையில் விட்டுவிட்டு, அவரையும் மனைவி லோவான் அண்ணியையும் வாடகைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மதியத்துக்குள் வீக்கம் மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. டாக்டர் சின்னப் பெண். கட்டிலருகே குனிந்தாள்.

"மாமா, போட்ட ஊசி கேக்கல. குட்டைக்கு என்னென்ன மருந்து போட்டீங்க? தெரிஞ்சா அதையெல்லாம் தள்ளிட்டு வேற பாப்பேன். பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் கை தாங்காது. வெட்ட வேண்டி வரும்."

அண்ணன் டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமே போடலையே. சுத்தமான குட்டை. ஏற்றுமதித் தரம்."

"அட மனுசா!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "கை போகப்போகுது, இன்னும் இறால் வித்துக்கிட்டு இருக்கியே!"

"நீ சும்மா இருடி. இன்னும் சரக்கு ஏறல. இவ காதுல விழுந்தா பேசின விலைய அப்படியே மாத்திருவா."

காய்ச்சலில் பல் தந்தியடித்தது. வாய் மட்டும் வியாபாரத்தில் இருந்தது. வெளியே போய் நின்றாலும் பயனில்லை. என் காது எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியும்.

"அண்ணே, லாரி போயாச்சு. சரக்கு ஏத்திக் கிளம்பிட்டோம்னு டிரைவர் இப்பத்தான் போன் பண்ணான். இனி நானே நினைச்சாலும் விலைய மாத்த முடியாது. சொல்லித் தொலைங்க."

"நெசமாவா?"

"என் கடையில இருக்கற செல்வச் சாமி மேல ஆணை."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "காட்டுடி."

மருந்துப் பொட்டலங்களின் படங்கள் அண்ணியின் போனில் இருந்தன, அடுத்த முறையும் அதையே கேட்டு வாங்குவதற்காக எடுத்து வைத்தவை. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"மாமா, காலையில நான் போட்ட ஊசியும் இதுல இருக்கே!"

ஓடிப்போய் வேறொன்றைக் கொண்டுவந்தாள்.

சுண்டுவிரல் போயிற்று. கை நின்றது.

பார்க்கப் போனபோது மிச்ச விரல்களால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். ஒரு சுளை நீட்டினார்.

"அன்னிக்கு லாரி சாயங்காலம் வரைக்கும் கரையிலயே நின்னுச்சாமே?"

"நின்னுச்சு."

"பேசின விலையிலயே ஏத்தினியாமே?"

"ஆமா."

இன்னொரு சுளையைப் பிய்த்தார்.

"இதுல உனக்கு என்ன லாபம்னுதான் தங்கச்சி, இன்னும் பிடிபடல."