பத்துக்குப் பத்து

என் பெண்ணுக்குக் காது கேட்கிறது என்று இரண்டு மாதமாக நான் தினமும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அது பொய் என்று தெரிந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம், அடுப்பில் பால் பொங்கியபோது.

நான் சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கர். தைத்து முடித்த சட்டையை ட்யூப்லைட்டுக்குக் கீழே விரித்துப் போட்டு, காலர் கோணலா, பட்டன் ஆடுகிறதா, எங்கேயாவது தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஒரு நாளைக்கு நானூறு சட்டை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் நம்மைப் பிரித்துத் தைத்துவிடுவார். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போவதில்லை. "உன் கண்ணுக்கு எதுதான் நல்லாயிருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஓடுகிற லிஃப்டைத் திறந்து பார்க்காதே என்பது அவர் கட்சி.

பெண்ணுக்கு நாலரை வயது. பிறந்தபோது கையளவுதான் இருந்தாள், அழுகை மட்டும் காரமோ காரம். அதனால் அவள் அத்தை மிளகு என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டும் அவள் திரும்பவே இல்லை என்பது எங்களுக்கு உறைக்க ஒன்றரை வருஷம் ஆயிற்று. பிறகு டாக்டர், பரிசோதனை, அழுகை, கடைசியில் ஆபரேஷன். காதுக்குப் பின்னால் உள்ளே ஒரு கருவி வைத்தார்கள். வெளியே காதில் மாட்டும் மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயரின் முனையில் கோட்டுப் பட்டன் அளவுக்கு ஒரு வட்டு. அது காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும்.

கருவி வைத்துவிட்டால் மறுநாளே கேட்டுவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். உள்ளே போகிற சத்தத்தைப் பேச்சு என்று மூளை பழகிக்கொள்ள வேண்டும், அதுவும் ஐந்து வயதுக்குள் பழகினால்தான் நல்லது என்றார்கள். அவள் ஐந்தாவது பிறந்தநாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று அன்றிலிருந்து காலண்டரில் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

பழக்குவதற்கு ஒரு ஸ்பீச் டீச்சர். வாரம் ஒரு நாள் அவரிடம் போக வேண்டும், மீதி ஆறு நாள் வீட்டில் நாங்கள்.

"படப் புத்தகம் படிச்சுக் காட்டுங்க" என்றார் டீச்சர். "படத்தக் காட்டச் சொல்லும்போது மட்டும் வாய மறைச்சுக்கோங்க. இந்தப் பசங்க உதட்டப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க."

அத்தை ஒரு பையில் மூன்று புத்தகங்கள் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் அவள் தம்பியும், அதாவது என் வீட்டுக்காரரும், சின்ன வயதில் புரட்டிப் புரட்டிக் கிழித்தவை. மூன்றும் பொம்மைக் கதைகள். ஒன்றில் ஒரு மரக்குதிரை கதவு திறந்திருக்கும்போது தெருவுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். ஒன்றில் பொம்மை வீட்டையே பெட்டியில் வைத்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், உள்ளே இருக்கிற பொம்மைகள் உருண்டு புரளும். மிளகுக்குப் பிடித்தது மூன்றாவது. அலமாரியில் இருக்கும் மேளத்துக்குக் குச்சி காணாமல் போய்விடும், மற்ற ஒன்பது பொம்மைகளும் இறங்கித் தேடும். கடைசிப் பக்கத்தில் பத்துப் பொம்மைகளும் வரிசையாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும்: மேளம், பம்பரம், ரயில், வாத்து, கரடி, பந்து, குதிரை, கார், கப்பல், பாப்பா பொம்மை.

அந்தக் கடைசிப் பக்கத்தில்தான் எங்கள் பரீட்சை. கதையை முழுதும் படித்துவிட்டு, சட்டை மடிக்க உள்ளே வைக்கிற அட்டை ஒன்றை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். "வாத்து" என்பேன். மிளகு வாத்தின்மேல் விரலை வைப்பாள். டீச்சர் கொடுத்த தாளில் ஒரு டிக். ஆரம்பத்தில் பத்துக்கு இரண்டு, மூன்று. அப்புறம் ஐந்து. ஒரு நாள் பத்துக்குப் பத்து. அன்றைக்கு அவள் அப்பா தலைகால் புரியாமல் ஊரெல்லாம் போன் போட்டார். அதற்குப் பிறகு தினமும் பத்துதான். டீச்சர் தாள்களைப் பார்த்துவிட்டு, மிளகை எல்லாக் குழந்தைகளும் படிக்கிற பள்ளிக்கூடத்திலேயே சேர்க்கலாம் என்று கடிதம் தருவதாகச் சொன்னார். கடிதம் திங்கட்கிழமை.

அதற்கு முந்தின சனிக்கிழமை. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். கதை முடிந்தது, அட்டையைத் தூக்கினேன், முதலில் பம்பரம் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் சமையலறையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம். எழுந்திருக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

மிளகின் விரல் பம்பரத்தின்மேல் இருந்தது.

நான் வாயைத் திறக்கவே இல்லை. அவள் விரலை எடுக்காமல், பாராட்டுக்காக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பால் முழுதும் வழிந்து தீய்ந்தது. நான் மறுபடி உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லாமல் ரயிலைப் பார்த்தேன். அவள் ரயிலைக் காட்டினாள். கரடியைப் பார்த்தேன், கரடியைக் காட்டினாள். உதட்டை மறைக்கச் சொன்னார்கள், மறைத்தேன். கண்ணை யாரும் மறைக்கச் சொல்லவில்லை. எந்தப் பொம்மையின் பெயரைச் சொல்லப் போகிறேனோ அதை முதலில் என் கண் பார்த்துவிடும், அவள் என் கண்ணைப் பார்த்துவிடுவாள். நானூறு சட்டையில் ஒரு நூல் பிசிறைக் கண்டுபிடிக்கிறவள் நான். என் கண்ணே கோள் சொன்னது எனக்குத் தெரியவில்லை.

கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "வாத்து" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை. "வாத்து, மிளகு. வாத்து." குட்டி விரல்கள் என் முகத்தில் ஊர்ந்தன. என் இமையைப் பிடித்து மேலே தூக்கித் திறந்து பார்த்தாள். விடை உள்ளே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு அதுவும் விளையாட்டாக இருந்தது, அடுத்த கண்ணையும் திறந்தாள்.

அவர் வந்ததும் சொன்னேன்.

"பால் பொங்கினதுல நீ ஏதோ குழம்பிட்ட" என்றார்.

"குழம்பல. நான் வாயத் தொறக்கவே இல்லங்க."

"சரி, நகரு. நானே பாக்கறேன்."

கைகூடக் கழுவாமல், மெஷின் எண்ணெய் வாடையோடு உட்கார்ந்தார். அந்தக் கதை அவருக்கு மனப்பாடம். கடைசிப் பக்கத்தைத் திறந்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "குதிரை" என்றார். மிளகு அவர் முகத்தைப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. உடனே சமையலறை வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு குதிரையைக் காட்டினாள்.

"பாத்தியா" என்றார் அவர், கண்ணைத் திறந்து. முகமெல்லாம் பல். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நான் குதிரையப் பாத்துட்டு இருந்தேங்க. அவ என்னப் பாத்தா."

என்னை உள்ளறைக்குப் போகச் சொன்னார். போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். "குதிரை" என்றது அவர் குரல். "குதிரைம்மா." பிறகு இன்னும் சத்தமாக, "குதிரை." நாலாவது தடவை அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அதன் பிறகு சத்தம் இல்லை. வெளியே வந்தபோது மிளகு கப்பல் படத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கப்பலக் காட்டறா" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் வீட்டில் பரிசோதனைதான். அவள் பின்னால் போய்ப் பாத்திர மூடியைக் கீழே போட்டேன், திரும்பினாள். கதவை அடித்துச் சாத்தினேன், திரும்பினாள். ஆக, சத்தம் போகிறது. சொல் போகிறதா? அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பொம்மைகளின் பெயரைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து, சுற்றி வந்து, என் மோவாயைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாளைக்குக் கையெழுத்து" என்றார் அவர் சாயங்காலம். "லெட்டர வாங்கிடுவோம். அப்புறம் மெதுவா டீச்சர்கிட்ட சொல்லிக்கலாம். ஸ்கூலுக்குப் போனா நாலு பசங்களப் பாத்துத் தானா வந்துடும்."

"தையல் விட்டிருக்குன்னு தெரிஞ்சும் பாஸ் போடச் சொல்றீங்களா?"

"அவ சட்டை இல்லடி."

சுருக்கென்று தைத்தது. சட்டை இல்லைதான். சட்டையில் தப்பு விட்டால் எனக்கு ஒரு திட்டு, அதோடு போயிற்று. இவளைத் தப்பாக அனுப்பிவிட்டால், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, பேசுகிறவர்கள் கண்ணையெல்லாம் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் சிரிக்கும்போது தானும் சிரிப்பாள். யாருக்கும் தெரியாது. ஐந்து வயதும் தாண்டிவிடும்.

இதை அவரிடம் சொன்னேன். "என்னமோ பண்ணு" என்று மட்டும் சொன்னார். கோபமில்லை, அவருக்கும் பயம்.

திங்கட்கிழமை மேளக் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நானும் மிளகும் மட்டும் போனோம். டீச்சர் மேஜைமேல் கடிதம் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. நான் உட்காருவதற்கு முன்பே, "டீச்சர், நான் எழுதின தாள் எல்லாம் தப்பு" என்றேன். உட்கார்ந்துவிட்டால் சொல்ல மாட்டேன் என்று பயம். பால், பம்பரம், கண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

டீச்சர் பேனாவை மூடினார். மிளகின் கோப்பை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினார்.

"இங்க அவ நாலு, அஞ்சுக்கு மேல காட்டினதே இல்ல" என்றார். "கூச்சப்படறான்னு நெனச்சேன். வீட்ல பத்துக்குப் பத்துன்னு இருந்துச்சு. அதனால மெஷின்ல வச்சிருக்கற சத்த அளவுல நான் கை வைக்கல."

"அப்ப என்னால ரெண்டு மாசம் போச்சா?"

"போச்சு" என்றார் டீச்சர். இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தேன். "என் தப்பும் இருக்கு. இங்கயும் நீங்க அவளுக்கு எதிர்லதான உக்காந்திருந்தீங்க. அந்த நாலும் அஞ்சும்கூட யாரோடதுன்னு இப்பப் பாக்கணும்."

என்னை வெளியே போகச் சொன்னார். கதவின் மேல்பாதி கண்ணாடி. "கண்ணாடி வழியா உங்களத் தேடுவா. திரும்பி நில்லுங்க. என்ன ஆனாலும் இந்தப் பக்கம் பாக்காதீங்க."

தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றேன். கதவை முழுதாகச் சாத்தவில்லை, டீச்சர் குரல் கேட்டது. சரியாகக் காட்டினால் "சபாஷ்" என்பார், தப்பென்றால் பேசாமல் அடுத்ததற்குப் போவார். அது அவர் வழக்கம்.

"மேளம்."

நான் என் மூச்சை எண்ணினேன். ஒன்றும் வரவில்லை.

"பம்பரம்." ஒன்றும் இல்லை.

"வாத்து." இல்லை. கடவுளே, ஒன்றாவது.

"ரயில்."

"சபாஷ்."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டேன். குருட்டாம்போக்கில் காட்டியிருப்பாளோ என்று உடனே ஒரு சந்தேகம். என் புத்தி அப்படி.

"கரடி." அதற்குப் பதில் நாற்காலி தேய்கிற சத்தம், ஓடி வருகிற கால் சத்தம். உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தாள். தட், தட், தட். என் முதுகு அவளுக்குத் தெரிகிறது. நான் சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை வெறித்துப் பார்த்தேன். அடித்தல் நின்றது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ம்மா."

என் போட்டோவைக் காட்டி இது யார் என்று டீச்சர் சைகையில் கேட்டால் அவள் அந்தச் சத்தத்தை எழுப்புவாள். அது பாடம். என்னை அவள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எதற்குக் கூப்பிட வேண்டும்? நாலரை வருஷமாக என் கண் அவளைவிட்டு நகர்ந்ததே இல்லையே. பார்த்துக்கொண்டிருக்கிறவளை யாரும் கூப்பிட மாட்டார்கள். திரும்பி நிற்கிறவளைத்தான் கூப்பிட வேண்டும். குரல் கதவைத் தாண்டிப் போகும், முதுகைக் காட்டி நிற்கிற ஆளுக்கும் போய்ச் சேரும் என்று தெரிந்தால்தான் கூப்பிட முடியும். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"ம்மா."

பார்க்காதே என்று டீச்சர் சொல்லியிருந்தார். பிள்ளை கூப்பிடுகிறது, நான் என்ன செய்ய? திரும்பிவிட்டேன். மூக்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். நான் திரும்பியதைப் பார்த்ததும் அவள் கண் அகன்றது. அழுகை இல்லை, சிரிப்பும் இல்லை. தான் செய்ததைத் தானே நம்பாத மாதிரி ஒரு பார்வை.

டீச்சர் கதவைத் திறந்தார். முகத்தில் எரிச்சல்.

"அஞ்சுல ஒண்ணு. லெட்டர் இந்த வருஷம் கிடையாதும்மா, இன்னிக்கே மெஷினப் பாக்கணும். உங்களத் திரும்பாதீங்கன்னு சொன்னேன்ல?"

"கூப்பிட்டா டீச்சர்."

"கண்ணாடியத் தட்டினா. கேட்டுச்சு."

"இல்ல டீச்சர். தட்டிப் பாத்தா, நான் திரும்பல. அப்புறம் கூப்பிட்டா."

டீச்சர் குனிந்து மிளகைப் பார்த்தார். பிறகு அவள் தோளைப் பிடித்து மெதுவாக உள்ளே அழைத்துக்கொண்டார்.

"மறுபடி திரும்பி நில்லுங்க" என்றார் என்னிடம். குரலில் எரிச்சல் போயிருந்தது. "நீங்களா திரும்பாதீங்க. கூப்பிட்டா மட்டும் திரும்புங்க."

கதவைச் சாத்தினார். சுவரைப் பார்த்து நின்றேன். மூச்சு விடவே பயமாக இருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் கூப்பிட்டாள்.