தாடையில் ஒரு வெளுத்த கோடு

ஜெனித் எழுந்து பாயைச் சுருட்டினான். மோட்டாரைப் போட்டான். தொட்டி நிறைவதற்குள் பல் தேய்த்து, பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் குடித்தான். பழைய சோற்றில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். வடசேரி சந்தை வழியாகக் கிளினிக்குக்கு நடந்தான். ஏசியைப் போட்டான். லேசர் மெஷினில் தண்ணீர் போதுமா என்று பார்த்தான். கறுப்புக் கண்ணாடிகளை ஸ்பிரிட்டால் துடைத்து வைத்தான். மனைவி அஜிஷா இறந்த பிறகு இந்த வரிசை ஒரு நாளும் மாறியதில்லை.

இயற்பியல் படித்தவன். வேண்டாத முடியை லேசரால் கருக்குவது வேலை. தோல் டாக்டர் அளவு சொல்வார், இவன் அடிப்பான்.

அன்று முதல் ஆளாக வந்தவள் பெபிஷா, அஜிஷாவின் தங்கை. அடுத்த மாதம் கல்யாணம். பின்னாலேயே அவன் மாமியார் எலிசாவும் வந்தாள்.

"ஏன் மக்கா இப்பிடி மெலிஞ்சு போன? வீட்டுப் பக்கமே வரல்லியே."

"வேல மாமி."

வேலை காரணமில்லை. டெங்கு முற்றி அஜிஷாவைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனபோது ஆம்புலன்சில் அவள் பக்கத்தில் இருந்தவன் அவன் மட்டும்தான். களியக்காவிளை தாண்டியதும் அவள் பேச்சு நின்றது. அடக்கத்தன்று எலிசா கேட்டாள், "கடைசியில ஜெபிச்சாளா மக்கா?" அவன் வாய் திறக்கவில்லை. எலிசா அதை ஆமென்று எடுத்துக்கொண்டாள். வாரம் முடிவதற்குள் அந்த ஆமாவுக்குப் பேச்சும் முளைத்துவிட்டது. இயேசப்பா நான் வாறேன், எனக்குப் பயமில்ல என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாளாம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டு, "இல்லியா மக்கா?" என்று எலிசா இவன் பக்கம் திரும்புவாள். இவன் தலையாட்டுவான். ஆட்டி ஆட்டி, அஜிஷா நிஜமாகச் சொன்னது தனக்கே மறந்துபோய்விடும் என்று தோன்றிய நாளில் அருமனையில் இருந்த மாமியார் வீட்டுக்குப் போவதை நிறுத்தினான்.

எலிசா வெளியே உட்கார்ந்தாள். பெபிஷா கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டிலில் படுத்தாள்.

"வெயில்ல போனியா?"

"இல்ல அத்தான்."

"நூல் போட்டியா? பிடுங்கினியா?"

"நீங்க சொன்ன மாதிரி ஷேவ்தான். பொம்பளப் பிள்ளைய ஷேவ் பண்ணச் சொல்லுத அத்தான் ஊருலயே நீங்க ஒராளுதான்." அவள் சிரித்தாள். "மாப்பிளைக்குத் தாடி இனிதான் மொளைக்கணும். எனக்கு இங்க காடாட்டு வளருது."

அவன் பஞ்சை நனைத்து அவள் தாடையைத் துடைத்தான். பஞ்சு பழுப்பாக வந்தது. பவுண்டேஷன். இன்னொரு பஞ்சை எடுத்துத் துடைத்தான். கன்னம் கறுத்திருந்தது. காதிலிருந்து தாடைக்கு அடியில் விரல் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு இறங்கியது.

"ஏட்டி, இது என்னது?"

அவள் கையால் தாடையை மறைத்தாள்.

"ஹெல்மெட் வார் கெடந்த எடம்லா இது? வெயில்ல போகல்லன்னு சொன்ன."

"சொன்னா அடிக்கமாட்டீங்கல்லா. கொறச்சு வச்சு அடியுங்க, நான் தாங்குவேன்."

"இந்த வெளிச்சத்துக்கு முடி எது தோல் எதுன்னு தெரியாது. கறுப்பு எங்க இருக்கோ அங்க போயி விழும். இப்ப அடிச்சா தோலு பொள்ளும். பொள்ளின எடம் கறுத்து, அதோடதான் நீ மணவறையில நிப்ப." மெஷினை நிறுத்தினான். "எங்கதான் சுத்தின?"

"கல்யாணம் விளிக்க. அம்மைய ஸ்கூட்டர்ல பொறத்த வச்சிட்டு." அவள் எழுந்து உட்கார்ந்தாள். "வேற யாரு போவா? அப்பா இல்ல. அக்கா இல்ல. மூத்த மருமவன் போகணும்னுதான் மொற. மூத்த மருமவனுக்கு ஊராருக்கு மூஞ்சியில முடி எடுக்கவே நேரம் தெகயல்ல."

அவன் பஞ்சைக் கூடையில் போட்டான். கல்யாணம் அழைக்கப் போனால் வீட்டுக்கு வீடு நாற்காலி போடுவார்கள். சாயா வரும். மூத்தவள் பேச்சு வரும். எலிசா தொடங்குவாள். அவன் தலையாட்ட வேண்டும்.

கண்ணாடியைக் கழற்றியபோது பெபிஷாவின் கண் நனைந்திருந்தது. "இந்த முடிய வச்சிட்டே நிக்கச் சொல்லுதீங்களா அத்தான்?"

"மூணு வாரம் வெயில்ல எறங்காத. வீட்டுக்குள்ள இருந்தாலும் சன்ஸ்கிரீன் போடு. பிளீச்சு, கிரீம் ஒண்ணும் வேண்டாம். தோலு பழைய நெறத்துக்கு வந்தா, டாக்டர் பாத்துட்டு ஒரு தடவ அடிக்கலாம்."

"மிச்ச வீட்டுக்கு?"

"எவ்வளவு கெடக்கு?"

"பாதி ஊரு."

அவன் கதவைத் திறந்தான். "மாமி, இன்னைக்கு அடிக்கல்ல. இவ வெளிய எறங்காண்டாம். மிச்ச வீட்டுக்கு நான் வாறேன் உங்ககூட."

எலிசா எழுந்தே விட்டாள். அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரிசப்ஷனில் இருந்த பிரீனாவிடம் திரும்பினாள். "எனக்க மூத்த மருமவன் மோளே. எனக்க மவ இவனுக்க கையப் பிடிச்சிட்டுதான் போனா. இயேசப்பா நான் வாறேன், எனக்குப் பயமில்லன்னு சொல்லிட்டு சிரிச்ச முகமாட்டு போனா. இல்லியா மக்கா?"

"ஆமா மாமி."

உள்ளே வந்து கதவைச் சாத்தினான். பெபிஷா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வீட்டுக்கு வராம இருந்தது இதுக்குத்தானா?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அக்கா பயந்தவ அத்தான். பல்லி விழுந்தாலே கத்தித் தெருவக் கூட்டுவா. எனக்கிட்டயாவது உள்ளதச் சொல்லுங்க. என்ன சொன்னா?"

வெளியே எலிசா முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள். பிரீனா உச்சுக்கொட்டுவது கேட்டது. ஜெனித் குனிந்து, அந்தச் சத்தத்தைவிடத் தணிந்த குரலில், அஜிஷாவின் வார்த்தைகளை அவள் சொன்னபடியே சொன்னான்.

"மூஞ்சிய இப்பிடி வைக்காதீங்க. எனக்குப் பயமாட்டு இருக்கு."