நெவில் ஏழு வருஷம் சாகக் கூடாது

லாட்டரியில் பன்னிரண்டு லட்சம் பவுண்டு விழுந்த வாரமே நெவிலின் பன்றிக்கறி ரொட்டிக்குத் தடை போட்டுவிட்டோம்.

இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியின் பஸ் டிப்போவில் நாங்கள் நான்கு பேர் கூட்டு: மெக்கானிக் நெவில், பஸ் கழுவும் பிரெண்டா, டிரைவர் காலின், எடுபிடி நான். வாராவாரம் ஆளுக்கு இரண்டு பவுண்டு. சீட்டு வாங்குவது நெவில். பரிசும் அவர் கணக்குக்கே வந்தது. பரிசுக்கு வரி கிடையாது. குதித்தோம்!

பிரெண்டாவின் மச்சான்தான் வெடி வைத்தான். எழுதின ஒப்பந்தம் இல்லையென்றால், நெவில் பிரித்துக் கொடுப்பது அன்பளிப்பாம். ஏழு வருஷத்துக்குள் அவர் போய்விட்டால் எங்கள் பங்குக்கும், செத்தவர் சொத்துக்குப் போடும் வாரிசு வரி வரலாமாம்.

ஒப்பந்தம் எப்படி இருக்கும்? ஜெயிப்பதற்கு முன்னால் பங்கை எழுதி வைத்தால் அதிர்ஷ்டம் ஓடிவிடும் என்பது டிப்போ நம்பிக்கை!

நெவிலுக்கு எழுபத்திரண்டு வயது. பணம் வந்ததும் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று: பெரிய மோட்டார் பைக் வாங்கி ஸ்காட்லாந்தின் வடகோடிவரை ஓட்ட வேண்டும்.

"பைக்கா? யோவ் பெருசு, படியே பாத்து ஏறு!" என்றாள் பிரெண்டா.

"எழுபத்தொம்பதுல பைக் ஏறுனா என்னை ரோட்ல இருந்து வழிச்சுதான் எடுக்கணும். அதுவரைக்கும் இந்த அவிச்ச கேரட்டா?"

"எங்க காசுக்காக மென்னு முழுங்குய்யா," என்றான் காலின்.

மனிதர் முகம் வாடிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. எல்லோரையும் கணக்கர் அம்மாவிடம் இழுத்துப் போனேன்.

"வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். சீட்டு வாங்குறதுக்கு முன்னாடியே பேசியிருக்கணும், அதை நிரூபிக்கணும். நீங்க பேசுனதை வேற யாராவது காதால கேட்டிருக்காங்களா?" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மேடம், போன வருஷம் அம்பது பவுண்டு விழுந்துச்சு. அந்த வாரம் காலின் காசு கட்டல. 'கட்டுனவனுக்குத்தான் சம பங்கு, உனக்கு நாமம்'னு கேன்டீன்ல வச்சு பிரெண்டா கத்துனது துறைமுகம் வரைக்கும் கேட்டிருக்கும்!"

"நாப்பது பேர் முன்னாடி மானம் போச்சு," என்று முணுமுணுத்தான் காலின்.

"அருமை. அந்த நாப்பது பேரும் சாட்சி. இது அன்பளிப்பே இல்ல, வாரிசு வரியும் வராது," என்றார் கணக்கர்.

நெவில் மெல்ல நிமிர்ந்தார். "அப்ப நான் எப்ப வேணா சாகலாமா?"

"தாராளமா!" என்ற பிரெண்டா உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா பைக்ல பின்னாடி நான் உக்காருவேன். நாப்பது மைல் வேகத்தைத் தாண்டுன, காதுகிட்ட கத்துவேன்."