உள்பக்கம் பார்த்த மூன்று பேர்

களைந்த அரிசியைச் சட்டியில் ஏந்திக்கொண்டு நான் வாசலுக்கு வந்தபோது அடுப்பு நன்றாகப் பற்றியிருந்தது. கிழக்கே, அறுத்துப் போட்ட சோளக்காட்டுக்கு மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு கோலம், வீட்டுக்கு வீடு புகை. எங்கள் வாசலில் வெண்கலப் பானையின் கழுத்தில் மஞ்சள் குலையைக் கட்டி, பாலும் அரிசி களைந்த தண்ணீரும் ஊற்றி ஏற்றிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மணிராஜ் குத்தவைத்துப் பனையோலையை ஒடித்து ஒடித்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மாமியார் சீனித்தாய் பக்கத்தில் நின்று, ஓலையை எப்படித் தள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து முந்தின நாள் வந்து இறங்கிய கொழுந்தன் சுடலைக்குமார் எல்லாவற்றையும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி தீபலட்சுமி பட்டுச்சேலை கட்டி, இரண்டு பிள்ளைகளையும் தீப்பக்கம் போகாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கியதும் மூத்த மருமகள் கையால் மூன்று கை அரிசி போட வேண்டும். அதனால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அடுப்பைப் பார்த்தேன்.

எங்கள் பக்கம் பொங்கல் அடுப்பு என்றால் பொங்கக்கட்டிதான். அடி அகன்று மேலே ஒடுங்கிய மூன்று மண்கட்டிகள். வெள்ளையடித்து, காவியில் பட்டை இழுத்து, முக்கோணமாக நிறுத்திப் பானையை ஏற்றுவோம். அன்றைக்கும் வெள்ளையும் காவியுமாக மூன்று நின்றன. ஆனால் எனக்கு முன்னால் இருந்த கட்டிக்குக் கொண்டை இருந்தது. நான் ஈர்க்குச்சியால் ஒவ்வொரு மயிராகக் கீறிய கொண்டை. கீறலுக்குள்ளெல்லாம் சுண்ணாம்பு அடைத்திருந்தது. பானையின் வயிறு அந்தப் பிடரியில் உட்கார்ந்திருந்தது.

அது பொங்கக்கட்டி இல்லை, நான் செய்த மண்ணுருவம்.

அவர்கள் மொத்தம் ஏழு பேர். தீப்பெட்டி ஆபீசில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் சட்டத்தை வைத்துக் குச்சி அடுக்குகிற ஏழு பெண்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். குனிந்தால் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு முதுகும் பிடரியும் மட்டும்தான் தெரியும். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒருத்தி குச்சி அடுக்கிக்கொண்டே தூங்குவாள். ஒருத்தி உதட்டுக்குள் யாரையோ திட்டுவாள். ஒருத்தி மேஸ்திரி தாண்டிப் போகிற வரைக்கும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பாள். நான் செய்தது அந்த முகங்களைத்தான். வருஷா வருஷம் மார்கழியில் வீட்டுக்குப் பொங்கக்கட்டி பிசைவது என் வேலை. நாலு வருஷத்துக்கு முன்னால் மிஞ்சிய மண்ணை உருட்டிக்கொண்டிருந்தபோது அது குனிந்த முதுகாக வந்தது. அன்றிலிருந்து கையை நிறுத்த முடியவில்லை.

கரிசல் மண் லேசில் வழிக்கு வராது. ஈரத்தில் வெண்ணெய்போல வளையும், காய்கிறபோது பாளம் பாளமாக வெடிக்கும். கம்மாய் மணல் எவ்வளவு, சாணி எவ்வளவு, எத்தனை நாள் ஈரச்சாக்கு போர்த்த வேண்டும் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு உருவம் நிழலில் காய ஒன்றரை மாசம். நடுவில் அவசரப்பட்டால் போச்சு. உர மூட்டை அடுக்குகிற பின்ரூமில், மத்தியானம் எல்லோரும் படுத்த பிறகுதான் எனக்கு நேரம். தீபலட்சுமி ஒருநாள் போனில் படம் கேட்டு வாங்கி எங்கேயோ போட்டாள். அதைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து கல்யாணசுந்தரி என்று ஒரு அம்மா கூப்பிட்டார். அங்கே ஒரு கலைக்கூடம் நடத்துகிறவர். தை கடைசியில் கண்காட்சி, உங்கள் ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு தனி அறை என்றார். "ஏழும் ஒண்ணாத்தான் இருக்கணும், பிரிச்சா அர்த்தமே போயிரும்," என்றார். கயத்தாறு பக்கம் ஒரு செங்கல் சூளைக்காரரிடம் கெஞ்சி, தை ஐந்தாம் தேதி அவர் சூளையில் ஓர் ஓரத்தில் இந்த ஏழு உருவத்தையும் வைத்துச் சுட இடம் வாங்கியிருந்தேன். அதுவரைக்கும் அவை பச்சை மண். ஒரு சொம்புத் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும்.

இந்த வருஷம் கட்டி பிசைய எனக்கு நேரமில்லை என்று மார்கழி முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டேன். கோவில்பட்டிச் சந்தையில் மூன்று வாங்கி வந்துவிடுங்கள் என்று இவரிடம் ஒரு தடவையல்ல, நாலு தடவை சொன்னேன். "வாங்கிருவோம், வாங்கிருவோம்," என்றார். கொழுந்தன் வீட்டுப் பெட்டி படுக்கைகளைப் பின்ரூமில் வைக்க வேண்டியிருந்ததால், பிள்ளைகள் கை வைத்துவிடக் கூடாதே என்று ஏழு பேரையும் மேல் பலகையில் வரிசையாக, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். அன்றைக்கு விடியக்காலையில் நான் குளித்துக் காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரம்தான் வாசலில் எல்லாம் நடந்திருக்கிறது.

அரிசிச் சட்டியைத் தரையில் வைத்தேன். எரிகிற ஓலையை மட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் எறிந்தேன். இரண்டு, மூன்று, நாலு. பால் விளிம்புக்கு நாலு விரல் கீழே நுரை கட்டிக்கொண்டிருந்தது. அது அப்படியே அடங்கியது.

"ஏட்டி! என்னட்டி பண்ணுத?" மாமியார் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "பொங்குறதுக்கு முன்னால அடுப்ப அணைச்சிட்டாளே! தை பொறந்த அன்னைக்கு எங்கயாவது நடக்குமா இது?"

"அணைக்கல அத்தை. ஓலையத்தான் இழுத்தேன். பானைய இறக்குங்க."

ஒருத்தரும் அசையவில்லை. எதிர்வீட்டில் குலவை போட வாயில் கையை வைத்தவர்கள்கூட அப்படியே நின்று எங்களைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். முந்தானையைச் சுருட்டிப் பானையின் ஒரு பக்கத்தை நானே பிடித்தேன். தீபலட்சுமி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடிவந்து, ஈரத்துண்டால் மறுபக்கத்தைப் பிடித்தாள். பட்டுச்சேலையில் கரி பட்டதை அவள் பார்த்தாள், பிடியை விடவில்லை. இரண்டு பேருமாகப் பானையைக் கோலத்தின் மேல் இறக்கினோம்.

மூன்று பேரையும் ஒவ்வொருவராகத் திருப்பினேன். உதட்டுக்குள் திட்டுகிறவளின் முகம் கரிக்கட்டை. மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை. தூங்குகிறவளின் மடியிலிருந்த சட்டம் உடைந்து சாம்பலில் கிடந்தது. சிரிப்பை அடக்குகிறவளுக்கு முகம் தப்பித்திருந்தது, ஆனால் முழங்காலிலிருந்து அடிவரைக்கும் விரல் நுழைகிற விரிசல். எனக்கு அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு வந்தது அழுகையில்லை. பெற்ற பிள்ளையை ஒருத்தன் அடித்தால் வருமே, அது.

"மண்ணுதானட்டி," என்றார் மாமியார், குரலைத் தணித்து. "போனா இன்னொண்ணு பிசைஞ்சுக்கிட்டாப் போச்சு. நல்ல நாளும் பொழுதுமா தெருவே பாக்குதுல்லா."

"நாளைக்குப் பிசைஞ்சா மாசியிலதான் காயும் அத்தை."

"சுண்ணாம்ப ஈரத்துணி வச்சுத் தொடச்சு விட்டுரலாம்," என்றார் இவர், யாரிடமோ சொல்வதுபோல.

"தொடைங்க. முதுகும் சேந்து வந்துரும்."

கொழுந்தன் போனை இறக்கிவிட்டுப் பக்கத்தில் வந்தார். சமாதானம் பண்ணுகிறவர் அவர். அவர்கள் வீட்டில் அந்த வேலைக்கு எப்போதும் அவர்தான். "மதினி, சத்தியமாச் சொல்லுதேன், இப்பத்தான் இது சூப்பரா இருக்கு. தீயில வெந்த மாதிரி ஒரு ஃபீல் இருக்கு பாத்துக்கிடுங்க. ஆர்ட்ல இதுக்குத்தான் மதிப்பு."

"அப்படியா கொழுந்தனாரே? உங்க லேப்டாப்ப எடுத்துட்டு வாங்க. ஒரு அஞ்சு நிமிசம் அடுப்புல வச்சு எடுப்போம். அதுக்கும் அந்த ஃபீல் வருதான்னு பாப்போம்."

தீபலட்சுமி சிரித்துவிட்டாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சிரிப்பை நிறுத்தவில்லை.

"தெரியாம நடந்துபோச்சு ரேணு," என்றார் இவர். எழுந்து நின்று, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். "உள்ள ஒரே இருட்டு. வருசா வருசம் நீதான செய்வ, கட்டின்னு நெனச்சு எடுத்துட்டேன். வேணுமின்னா செய்வேன்?"

"அதான, தெரியாமத்தான செஞ்சான்," என்றார் மாமியார். "ஆம்பளைக்கு என்ன தெரியும் இதெல்லாம்."

நல்லாத்தான் இருக்கிறது கதை. நானும் நம்பியிருப்பேன், அந்த மூன்று பேரும் நின்ற விதத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். தெரியாமல் எடுத்து வைத்தவன் கையில் ஒன்றாவது தெருவைப் பார்த்து நின்றிருக்கும். இல்லை பக்கவாட்டிலாவது. மூன்றும் பிசகாமல் தீயைப் பார்த்து இருந்தன. வெளியே நிற்கிறவர்களுக்கு மூன்று முதுகு மட்டும். வெள்ளையையும் முதுகுக்கு மட்டும்தான் அடித்திருந்தார், முகத்தில் ஒரு சொட்டு இல்லை. அவர் நகக்கண்ணில் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"இருட்டுல தெரியாம எடுத்தவிய, மூணு பேரு மூஞ்சியையும் உள்பக்கமாத் திருப்பி வைக்க மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

அவர் கையை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஏலே," என்றார் மாமியார் மெதுவாக. "சந்தையில கட்டி வாங்கலியா நீ?"

"மறந்துட்டேம்மா."

"காலையில கேட்டனே, ரெடியா இருக்குன்னு சொன்னியே."

அவர் கெட்டவர் இல்லை. பதினாறு வருஷமாகப் பார்க்கிறேன். அம்மாவிடம் மறந்துவிட்டேன் என்று சொல்ல வெட்கம். தம்பி வந்திருக்கிற நேரத்தில் அந்தப் பேச்சைக் கேட்க முடியாது. நேரமும் போய்க்கொண்டிருந்தது. வீட்டில் கை நீட்டி எடுக்க எத்தனையோ இருந்தன. தம்பி மனைவியின் பட்டுச்சேலையை எடுத்துப் பானைக்கு அடியில் வைக்கப் பிரிமணை சுற்றுவாரா? அப்பா படத்தைக் கழற்றி அடுப்புக்கு முட்டுக் கொடுப்பாரா? யோசித்துக்கூடப் பார்க்க மாட்டார். என்னுடையதைத்தான் கேட்காமல் எடுக்கலாம் என்று அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பொறுக்காதது அந்த ஒன்றுதான்.

கொழுந்தன் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு வேலைக்குக் கிடந்த ஹாலோபிளாக் கல் மூன்றைத் தூக்கி வந்தார். பானை மறுபடி ஏறியது. மாமியாரே ஓலையைப் பற்றவைத்தார். அரிசிச் சட்டியை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை. "பொங்கட்டும் அத்தை. எனக்கு ஒரு வேலை இருக்கு," என்று போனை எடுத்தேன்.

"யாருக்குப் போடுத?" என்றார் இவர்.

"மதுரைக்கு. ஏழு பேரு படமும் நாளைக்குள்ள வேணும்னு கேட்டிருக்காவ. விசயத்தச் சொல்லணும்ல."

"பொங்கலும் அதுவுமா காலையிலயேவா? நாளைக்குப் பேசிக்கிடலாம் ரேணு. மழையில நனைஞ்சிட்டுன்னு சொல்லிரு, முடிஞ்சு போச்சு."

அதுதான் நடக்கும். நான் பேசினால் அப்படித்தான் சொல்வேன். மழை என்பேன், பூனை தள்ளிவிட்டது என்பேன், பிள்ளைகள் கை பட்டுவிட்டது என்பேன். ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லி இவரைக் காப்பாற்றிவிட்டு, அந்தப் பொய்க்கு என் வேலையில்தான் குறை என்று பேர் வாங்கிக்கொள்வேன். எனக்கு என்னைத் தெரியாதா?

"நான் பேசல. நீங்க பேசுங்க."

"நான் என்னத்தட்டி பேச?"

"நடந்தது என்னவோ அதை. வேற ஒண்ணும் வேண்டாம். ஏழு பேரும் வருவாங்க, மூணு பேரு இப்படி இருக்காங்க, அதுக்குக் காரணம் நான்னு சொல்லுங்க. எடுத்துக்கிடுதாவளா, வேண்டாம்னுதாவளா, அது அவிய பாடு. ஆனா உங்க வாயால சொல்லணும்."

"இவ்வளவு பேரு முன்னாலயா?"

"எடுத்து வச்சது இவ்வளவு பேரு முன்னாலதான?"

எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் கையில் வைத்தேன். மணி போய்க்கொண்டிருந்தது. மாமியார் ஓலையைத் தள்ளுவதை நிறுத்தவில்லை, ஆனால் கண் எங்கள் பக்கமே இருந்தது. கொழுந்தன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தார். எடுக்க மாட்டார்கள் என்று இவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்த நேரத்தில் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"பொங்கல் வாழ்த்துகள் ரேணுகாதேவி! சொல்லுங்க, என் ஏழு பேரும் சௌக்கியமா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"மேடம்..." போனை வாயருகே கொண்டுபோனார். "நான் ரேணுகாவோட வீட்டுக்காரர் பேசுதேன்."

"அடடே, சொல்லுங்க சார்."

பானையில் பால் திரண்டு எழுந்தது. மஞ்சள் இலையைத் தள்ளிக்கொண்டு விளிம்பைத் தாண்டி, வெண்கலத்தின் நாலு பக்கமும் வழிந்து, ஹாலோபிளாக் கல்லின் ஓட்டைகளுக்குள் சுர்ரென்று இறங்கியது. குலவைக்காக மாமியார் வாய்வரைக்கும் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. இவர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த மூணு பேரையும், மேடம்..." என்று ஆரம்பித்தார்.